கொடைக்கானல் ஏரிச் சுற்றுப்பாதை

கொடைக்கானல் ஏரிச் சுற்றுப்பாதை என்பது தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலைகளின் மேற்பகுதியில் உள்ள கொடைக்கானல் ஏரியின் கரையை ஒட்டிச் செல்லும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையாகும். உள்ளூரில் இது ஏரிச்சாலை என்றும் லேக் ரோடு என்றும் அழைக்கப்படுகிறது. செங்குத்தான ஏற்றமோ படிக்கட்டோ இல்லாததால், மலைப்பாதைகளில் நடந்து பழக்கமில்லாதவர்கள், முதியோர், சிறுவர், குழந்தை வண்டியுடன் வருவோர் எனப் பலராலும் நடக்கக்கூடிய பாதையாக இது விளங்குகிறது. கொடைக்கானலில் இத்தகைய நீர்க்கரைப் பாதை வேறு எதுவும் இல்லை என்றே கூறலாம்.

இப்பாதையின் எளிமைக்கும், ஏரி இன்று எதிர்கொள்ளும் சிக்கல்களுக்கும் அடிப்படைக் காரணம் ஒன்றே: ஏரி ஒரு கிண்ணம் போன்ற பள்ளத்தின் அடியில் அமைந்துள்ளது.

அமைவிடம்

பழனி மலைகள் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீளும் ஒரு கிளைத் தொடராகும். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 65 கி.மீ. நீளமும், வடக்கு தெற்காக ஏறத்தாழ 40 கி.மீ. அகலமும் கொண்டது. இத்தொடரின் வடசரிவில் தோன்றும் பாலாறு, பொருந்தலாறு, குதிரையாறு, பரப்பலாறு முதலியவை அமராவதி வழியாகக் காவிரியின் வடிநிலத்தைச் சேர்ந்தவை. தென்சரிவில் தோன்றும் வராக நதி, மஞ்சளாறு, மருதாநதி ஆகியவை வைகையின் வடிநிலத்தைச் சேர்ந்தவை. ஆகவே இம்மலைகளில் பெய்யும் மழை, எந்தச் சரிவில் விழுகிறது என்பதைப் பொறுத்து இரண்டில் ஓர் ஆற்றின் பகுதியாகிறது.

கொடைக்கானல் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. ஏரி நகரின் நடுப்பகுதியில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளது. ஏரியின் கிழக்கே பிரையண்ட் பூங்கா அமைந்துள்ளது.

ஏரியின் உருவம்

கொடைக்கானல் ஏரி இயற்கையான ஏரி அன்று. சதுப்பு நிலத்தின் வழியே ஓடிய ஓர் ஓடையின் குறுக்கே கரை எழுப்பி உருவாக்கப்பட்ட நீர்த்தேக்கமாகும். இதன் பரப்பு ஏறத்தாழ 24 எக்டேர் (60 ஏக்கர்). சராசரி ஆழம் 3 மீட்டர். மிகுந்த ஆழம் 11 மீட்டர். மேலிருந்து நோக்கும்போது பல முனைகளைக் கொண்டு காணப்படுவதால் நட்சத்திர ஏரி என்றும் குறிப்பிடுவர்.

இந்த நட்சத்திர வடிவம் அழகுக்காக யாரும் வகுத்ததன்று. ஒரு பள்ளத்தாக்கை அணையிட்டு மறித்தால், நீர் முதன்மைப் பள்ளத்தில் மட்டுமன்றி அதனோடு வந்து சேரும் கிளைப் பள்ளங்களிலும் ஏறி நிற்கும். அக்கிளைப் பள்ளங்களே ஏரியின் முனைகளாக இன்று தெரிகின்றன. ஒவ்வொரு முனையின் நுனியிலும் மேலிருந்து ஓர் ஓடையோ வடிகாலோ வந்து சேர்வதைப் பாதையில் நடப்பவர்கள் கவனிக்கலாம்.

ஒரு சிறு கணக்கு இதை நன்கு விளக்கும். 24 எக்டேர் பரப்புள்ள ஏரி முழு வட்டமாக இருந்திருந்தால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 1.7 கி.மீ. மட்டுமே இருந்திருக்கும். கரையை ஒட்டிய பாதை 5 கி.மீ. அளவுக்கு நீள்வதற்கு இம்முனைகளே காரணம். பரப்பு சிறியது, கரை நீளமானது. நடப்பவர்களுக்கு இது நன்மை. ஆனால் ஏரியின் நோக்கில் பார்த்தால், கரை நீள நீளச் சுற்றுப்புறத்திலிருந்து கழிவு வந்து சேரும் வாயில்களும் கூடுகின்றன.

சராசரி ஆழத்தைக் கொண்டு கணக்கிட்டால் ஏரியில் தேங்கும் நீர் ஏறத்தாழ 72 கோடி லிட்டர் ஆகிறது. கொடைக்கானலின் ஆண்டு மழையளவு சராசரியாக 1,650 மில்லிமீட்டர் அளவில் உள்ளது. அவ்வாறெனில் ஏரியின் மேற்பரப்பில் நேரடியாக விழும் மழை மட்டுமே ஓராண்டில் அதன் கொள்ளளவில் பாதிக்கு மேல் வருகிறது. சுற்றுச் சரிவுகளிலிருந்து வரும் நீர் இதற்கு மேல். மிகுதி நீர் வழிந்தோடி, மலைச்சாலையில் நகரிலிருந்து 8 கி.மீ. தொலைவில் உள்ள வெள்ளி நீர்வீழ்ச்சியாக (சில்வர் கேஸ்கேட்) ஏறத்தாழ 55 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. மலையேறி வரும் பயணிகள் வாகனத்தை நிறுத்தி முதன்முதலில் படமெடுத்துக் கொள்ளும் அந்த அருவி, கொடைக்கானல் ஏரியின் கழிவாய் நீரே என்பது பலர் அறியாதது.

வரலாறு

சங்க இலக்கியத்தில் கோடை என்னும் மலை குறிப்பிடப்படுகிறது. அதன் தலைவனாகிய கடிய நெடுவேட்டுவனைப் பெருந்தலைச் சாத்தனார் பாடியுள்ளார் (புறநானூறு 205). அறிஞர் பலர் அம்மலையை இன்றைய கொடைக்கானல் மலையாகக் கொள்கின்றனர். நகரின் பெயருக்குக் கூறப்படும் விளக்கங்கள் பல. அவற்றுள் எதுவும் முடிந்த முடிபு அன்று.

ஐரோப்பியர் வருகைக்குப் பிந்தைய வரலாறு 1821 ஆம் ஆண்டில் லெப்டினன்ட் பி. எஸ். வார்டு என்னும் நில அளவையாளர் இப்பகுதியை அளந்ததிலிருந்து தொடங்குகிறது. 1845 ஆம் ஆண்டில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் இங்கு முதல் இரு வீடுகளைக் கட்டினர். சமவெளியின் வெப்பத்திலும் காய்ச்சலிலும் அவர்களில் பலர் உயிரிழந்து வந்ததே இம்முயற்சிக்குத் தூண்டுதலாக இருந்தது. அக்காலத்தில் பெரியகுளம் பக்கமிருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்தோ, மட்டக்குதிரையிலோ, ஆட்கள் சுமந்து வரும் டோலியிலோதான் மேலே வர இயலும்.

1863 ஆம் ஆண்டில், அப்போது மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச், ஓடையின் குறுக்கே கரை எழுப்பச் செய்து ஏரியை உருவாக்கினார். ஏரிக்கான முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தவரும் அவரே. பணி ஓய்வுக்குப் பின் அவர் கொடைக்கானலிலேயே தங்கி நகரின் வளர்ச்சிக்கு உழைத்தார். நகர வரலாறுகள் லெவிஞ்சின் பெயரை மட்டுமே கூறுகின்றன. கரையை எழுப்ப மண் சுமந்தவர்களையும், மலையின் மேல் அந்தப் படகைச் சுமந்து ஏற்றியவர்களையும் பற்றிய பதிவு அவற்றில் இல்லை.

1890 ஆம் ஆண்டில் படகுக் குழாம் தொடங்கப்பட்டது. 1910 ஆம் ஆண்டில் புதிய படகு இல்லம் கட்டப்பட்டது. படகுச் சவாரி பொதுமக்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் 1932 ஆம் ஆண்டிலிருந்தே திறந்துவிடப்பட்டது. அதாவது ஏரி உருவாகி ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பிறகே அதன் நீர்ப்பரப்பு எல்லோருக்கும் உரியதாயிற்று.

ஏரிக்கரையின் கிழக்கே உள்ள பிரையண்ட் பூங்காவை மதுரை வன அலுவலர் எச். டி. பிரையண்ட் 1908 ஆம் ஆண்டில் திட்டமிட்டு அமைத்தார். 20.5 ஏக்கர் பரப்புள்ள இத்தாவரவியல் பூங்காவில் மே மாதம் தோறும் மலர்க் கண்காட்சி நடைபெறுகிறது. 1857 ஆம் ஆண்டைச் சேர்ந்தது எனக் கூறப்படும் தைல மரம் (யூகலிப்டசு) ஒன்றும் இங்கு உள்ளது. ஏரிக்கு அருகே ஏழு ரோடு சந்திப்பில் 1901 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி அமைந்துள்ளது.

பாதையின் இயல்பு

இந்தப் பாதை ஏன் எளிதாக இருக்கிறது என்பதற்கான விடை நிலப்படத்திலேயே உள்ளது. நிலப்படங்களில் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்து வரையும் கோடு சமவுயரக் கோடு எனப்படும். தேங்கி நிற்கும் நீரின் கரை என்பது இயற்கையே தரையில் வரைந்து காட்டும் சமவுயரக் கோடு. அதை ஒட்டிச் செல்லும் எந்தப் பாதையும் பெரிதாக ஏறவோ இறங்கவோ முடியாது. ஆற்றோரப் பாதைக்கு இந்த வசதி இல்லை. ஆறு இறங்கும்போது பாதையும் இறங்க வேண்டும். வெள்ளி நீர்வீழ்ச்சி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. எனவே ஏரியிலிருந்து வெளியேறும் நீர் சாலைவழியில் 8 கி.மீ. தொலைவுக்குள் ஏறத்தாழ 300 மீட்டர் இறங்கிவிடுகிறது. பழனி மலைகளில் ஆற்றை ஒட்டி நடப்பது கடினமாகவும், ஏரியை ஒட்டி நடப்பது எளிதாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

பொதுக் கட்டடங்களில் சக்கர நாற்காலிக்காக அமைக்கப்படும் சாய்தளம், 12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது என்பது வழக்கிலுள்ள அளவுகோலாகும். ஏரிச் சுற்றுப்பாதையின் சாய்வு பெரும்பாலும் இதைவிடக் குறைவு. எனினும் சாய்வு மட்டுமே அணுகல் ஆகிவிடாது. இப்பாதை நடப்போருக்கு மட்டும் உரியதன்று. வாகனங்கள், வாடகை மிதிவண்டிகள், சவாரிக் குதிரைகள், தள்ளுவண்டிக் கடைகள் ஆகிய அனைத்தும் ஒரே பாதையைப் பகிர்கின்றன. தனி நடைமேடை உள்ள இடங்களிலும் அதன் விளிம்பு உயரம், வழியில் நிற்கும் வாகனம், கடைகளின் முன்நீட்டம் போன்றவை சக்கர நாற்காலியில் வருபவரைச் சாலைக்கே இறக்கிவிடக்கூடும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பொது இடங்களை எல்லோரும் அணுகத்தக்கவையாக அமைக்க வேண்டும் என்று கூறுகிறது. மலைவாழிடங்களில் இச்சட்டத்தை நிறைவேற்றுவதற்கு நிலத்தின் ஒத்துழைப்பு அரிதாகவே கிடைக்கும். கொடைக்கானல் ஏரிக்கரையில் அது ஏற்கெனவே கிடைத்துள்ளது. எஞ்சியிருப்பது போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது மட்டுமே.

மணிக்கு 4 கி.மீ. என்னும் இயல்பான வேகத்தில் நடந்தால் முழுச் சுற்றுக்கும் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஆனால் இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைவாக இருக்கும். மூச்சில் கிடைக்கும் ஆக்சிசனும் அதே அளவில் குறையும். சமவெளியிலிருந்து அன்றே மேலே வந்தவர்களுக்கு, குறிப்பாக இதயம் அல்லது நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு, சமதளத்திலும் மூச்சு வாங்கலாம். அவர்கள் முதல் நாளில் பாதிச் சுற்றுடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

படகுத் துறையை ஒட்டிய பகுதியே எப்போதும் நெரிசல் மிகுந்தது. அங்கிருந்து விலகிச் செல்லச் செல்லக் கூட்டம் குறைந்து, ஏரியின் முனைகளில் மரநிழலும் அமைதியும் கிடைக்கின்றன. காலை ஏழு மணிக்கு முன் நடப்பவர்களுக்கு வேறோர் ஏரியே காணக் கிடைக்கும்.

நகருக்குள் காட்டெருமைகள் நடமாடுவது கொடைக்கானலில் வழக்கமான ஒன்றாகிவிட்டது. அவை மேய்ச்சலுக்காகத் தோட்டங்களுக்கும் சாலைகளுக்கும் வருகின்றன; ஏரிப் பகுதியும் இதற்கு விலக்கன்று. ஏறத்தாழ ஒரு டன் எடையை எட்டக்கூடிய இவ்விலங்கு பார்வைக்குச் சாதுவாகத் தோன்றினாலும், அருகே சென்று படமெடுக்க முயன்றவர்கள் தாக்கப்பட்ட நிகழ்வுகள் உள்ளன. விலகி நின்று, அது கடந்து செல்லும்வரை காத்திருப்பதே முறை.

காலநிலையும் உறைபனியும்

கொடைக்கானல் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுகிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை மிகுதி. ஏரியைச் சுற்றி நடப்பதற்கு டிசம்பர் இறுதி முதல் மார்ச்சு வரையிலான காலம் ஏற்றது. ஏப்ரல், மே மாதங்களில் வானிலை இனிமையாக இருப்பினும் கூட்ட நெரிசல் அதிகம்.

டிசம்பர், சனவரி மாதங்களில் மேகமற்ற இரவுகளுக்குப் பின் வரும் அதிகாலையில் ஏரிச்சாலை, பிரையண்ட் பூங்கா, ஜிம்கானா மைதானம், கீழ்பூமி ஆகிய இடங்களில் புல்வெளி வெண்மையாக உறைந்து காணப்படும். நாளிதழ்களில் ஆண்டுதோறும் இச்செய்தி படத்துடன் வெளிவருகிறது. நகரின் உயரமான பகுதிகளைவிடத் தாழ்வான ஏரிப் பகுதியில் உறைபனி கூடுதலாக இருப்பது முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றலாம். குளிர்ந்த காற்று வெப்பக் காற்றைவிட அடர்த்தி மிகுந்தது. காற்றசைவு இல்லாத இரவில் அது சரிவுகளில் நீரைப் போலவே வழிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதே வேளையில் ஏரி நீர் காற்றைவிட வெப்பமாக இருப்பதால் அதன் மேற்பரப்பிலிருந்து ஆவி எழுவதையும் காணலாம்.

உயிரினங்கள்

ஏரி உருவாகும் முன் இப்பள்ளத்தாக்கில் இருந்தது சோலைக்காடும் புல்வெளியும் சதுப்பும் கலந்த நிலம். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்பகுதிகளுக்கே உரிய அமைப்பு இது. மலை மடிப்புகளில் குட்டையான, அடர்ந்த மரங்களைக் கொண்ட சோலை, திறந்த சரிவுகளில் புல்வெளி, பள்ளத்தில் சதுப்பு. மழைநீரைப் புல்வெளியும் சதுப்பும் பஞ்சு போல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் சிறிது சிறிதாக ஓடைகளுக்குக் கொடுத்தன.

இன்று ஏரியைச் சுற்றிக் காணப்படும் மரங்களில் பெரும்பாலானவை இம்மண்ணுக்கு உரியவை அல்ல. தைல மரம், சீகை மரம் (வாட்டில்), பைன் ஆகியவை விறகு, தோல் பதனிடும் பட்டை, காகிதக் கூழ் ஆகியவற்றுக்காக வெளிநாடுகளிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டவை. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, பழனி மலைகளில் 1973 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 374 சதுர கி.மீ. இருந்த உயர்மலைப் புல்வெளி 2014 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 124 சதுர கி.மீ. ஆகச் சுருங்கியதைக் காட்டியது. மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி இப்புல்வெளிகளின் செடியாகும். கடைசியாக 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. அடுத்து 2030 ஆம் ஆண்டில் பூக்க வேண்டும்.

இம்மலைகளின் தாவரங்களை அறிய விரும்பும் மாணவர்களுக்கு, இயேசு சபைத் துறவியும் தாவரவியலாளருமான கே. எம். மாத்யூ 1999 ஆம் ஆண்டில் வெளியிட்ட பழனி மலைத் தாவரத் தொகுதி அடிப்படை நூலாகும். நகருக்கு அருகிலுள்ள செண்பகனூரில் இயேசு சபையினரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் உள்ளது.

பாதையில் செம்மீசைச் சின்னான், மீன்கொத்தி போன்ற பறவைகளை எளிதாகக் காணலாம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் சாம்பல் வாலாட்டி நீரோரங்களில் வாலை ஆட்டியவாறு ஓடித் திரியும். பழனி மலைக்குச் சிறப்பாக உரிய சிரிப்பான் ஒன்று உண்டு. அதன் அறிவியற் பெயர், இங்கு வாழ்ந்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் ஃபேர்பேங்கின் நினைவாக இடப்பட்டது.

நீரின் தரம்

ஏரி நகரின் நடுவே மிகத் தாழ்வான இடத்தில் உள்ளது. சுற்றிலும் உள்ள சரிவுகளில் வீடுகள், விடுதிகள், உணவகங்கள், கடைகள் அமைந்துள்ளன. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 36,501 மட்டுமே. ஆனால் பருவ காலத்தில் தங்கிச் செல்வோரின் கழிவுநீரும் இதே சரிவுகளில்தான் வெளியேறுகிறது. கழிவுநீரும் மண்ணும் ஏரியில் கலப்பது நெடுநாளைய சிக்கலாகும்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மேலே கூறியவாறு ஏரிக்கு வரும் மழைநீர் மிகுதி. அது வழிந்தோடி அருவியாகச் சென்றுவிடுகிறது. ஆகவே ஏரி தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் வழிந்தோடுவது மேல்நீர் மட்டுமே. அதனுடன் வந்த மண்ணும், மண் துகள்களில் ஒட்டியுள்ள பாசுபரசு முதலியனவும் வேகம் குறைந்த நீரில் அடியில் படிந்து தங்கிவிடுகின்றன. ஓடையாக இருந்தபோது கீழே சென்றிருக்கக்கூடியவை, ஏரியானதால் இங்கேயே நிற்கின்றன. இந்த ஊட்டத்தால் நீர்க்களைகள் தழைக்கின்றன. அவை மடிந்து அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிசன் குறைகிறது. களைகளை அவ்வப்போது அகற்றுகின்றனர். அகற்றும் வேகத்தைவிட வளரும் வேகமே பெரும்பாலும் வெல்கிறது. அடியில் உள்ள ஊட்டம் அப்படியே இருக்கும்போது வேறு விளைவை எதிர்பார்க்கவும் இயலாது.

ஏரிக்கு மேலே நீரை வடிகட்டித் தரும் சதுப்பு நிலங்கள் கட்டடங்களாலும் நிரப்புதலாலும் சுருங்கியுள்ளன. எஞ்சியுள்ள ஜிம்கானா சதுப்பைக் காப்பது ஏரியைக் காப்பதற்கு முதற்படி எனச் சூழலியலாளர்கள் வலியுறுத்தி வருகின்றனர். ஏரியில் செலவிட்டுக் களையெடுப்பதைவிட, நுழைவாயில்களில் கழிவைத் தடுப்பதே பயன் தரும் என்பதில் ஐயமில்லை.

நகரின் குடிநீர் இந்த ஏரியிலிருந்து எடுக்கப்படுவதில்லை. அதற்கு மனோரஞ்சிதம் அணை முதலிய வேறு நீர்த்தேக்கங்கள் உள்ளன. ஏரியின் சீர்கேடு நகர மக்களின் குழாயில் தெரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பாதரச மாசு

கொடைக்கானலில் 1980களில் வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று நிறுவப்பட்டது. அமெரிக்காவின் நியூயார்க்கு மாநிலத்தில் இயங்கிய பழைய ஆலையின் இயந்திரங்கள் இங்குக் கொண்டுவரப்பட்டன. பின்னர் இது இந்துஸ்தான் லீவர் (இன்றைய இந்துஸ்தான் யூனிலீவர்) நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2001 ஆம் ஆண்டில் மூஞ்சிக்கல் பகுதியில் உள்ள ஒரு பழைய பொருள் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு பல டன் அளவில் இருப்பது கண்டறியப்பட்டு, மக்கள் போராட்டத்தைத் தொடர்ந்து ஆலை மூடப்பட்டது. 2003 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் 2016 ஆம் ஆண்டில் உடன்பாடு செய்துகொண்டது. ஆலை நிலத்தின் மண்ணில் ஒரு கிலோகிராமுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்ற அளவு பற்றிச் சூழலியலாளர்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

ஆலை ஏரிக்கரையில் அமைந்ததன்று. பாம்பாறு சோலைக்கு மேலே உள்ள மலைமுகட்டில் அமைந்திருந்தது. எனினும் ஐதராபாத்தில் உள்ள அரசு ஆய்வு மையத்தின் அறிவியலாளர்கள் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கொடைக்கானல் ஏரியின் நீரிலும் அடிப்படிவிலும் மீனிலும் பாதரசம் இருப்பதாகவும், அது ஆலையிலிருந்து வெளியேறியதன் விளைவு எனவும் கூறினர். மீன்களில் ஒரு கிலோகிராமுக்கு 120 முதல் 290 மைக்ரோகிராம் வரை பாதரசம் அளவிடப்பட்டது. பாதரசம் ஆவியாகிக் காற்றில் பரவி மழையுடன் இறங்கும் தன்மையது. ஆக்சிசன் குறைந்த அடிச்சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. இவ்வடிவமே மீனின் உடலில் சேர்ந்து, அதை உண்போரின் நரம்பு மண்டலத்தைத் தாக்க வல்லது. கழிவுநீரால் ஆக்சிசன் குறைவதும் பாதரசம் அடியில் தங்குவதும் தனித்தனிச் சிக்கல்கள் போலத் தோன்றினாலும், முன்னது பின்னதை மோசமாக்கக்கூடியது.

கரையில் நடப்பதாலோ படகில் செல்வதாலோ இதனால் தீங்கு நேரும் என்று கொள்ள வேண்டியதில்லை. கவலைக்குரியது மீன் உணவே ஆகும்.

பாதுகாப்பு முயற்சிகள்

நடுவண் அரசின் தேசிய ஏரிப் பாதுகாப்புத் திட்டத்தில் தமிழ்நாட்டின் உதகமண்டலம் ஏரியுடன் கொடைக்கானல் ஏரியும் சேர்க்கப்பட்டது. 1985 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பழனி மலைப் பாதுகாப்புக் குழு, கட்டடப் பெருக்கம், பாதரச மாசு ஆகியவற்றுக்கு எதிராக இயங்கி வந்துள்ளது. நகரைச் சுற்றியுள்ள காடுகளில் ஏறத்தாழ 609 சதுர கி.மீ. பரப்பு 2013 ஆம் ஆண்டில் கொடைக்கானல் காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

வாகன நெரிசலைக் குறைக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் உதகைக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் தொடங்கிய கோடைக் காலத்துக்குக் கொடைக்கானலில் வார நாட்களில் 4,000 வாகனங்களும், வார இறுதியில் 6,000 வாகனங்களும் என உச்சவரம்பு விதிக்கப்பட்டது. பாதையில் நடப்போருக்கு இதனால் கிடைக்கும் பயன் நேரடியானது. வாகனம் குறைந்தால் அதே சாலை நடைபாதையாகிவிடும்.

இதனை ஒத்த ஏரிகள்

ஆங்கிலேயர் காலத்து மலைவாழிடங்கள் பலவற்றில் செயற்கை ஏரியே நகரின் நடுவமாக இருப்பதைக் காணலாம். உதகை ஏரியை 1820களில் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சலிவன் உருவாக்கினார். இலங்கையின் நுவரெலியாவில் உள்ள கிரகரி ஏரி ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் 1873 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. மூன்றும் சதுப்பான பள்ளத்தில் நீரைத் தேக்கி உருவானவை. உதகை ஏரியும் நகரக் கழிவுநீரால் பாதிக்கப்பட்டுள்ளது.

அருகிலுள்ள பிற நடைபாதைகள்

கோக்கர்ஸ் வாக் என்னும் நடைபாதை நகரின் தென்விளிம்பில் செங்குத்துச் சரிவை ஒட்டி ஏறத்தாழ 1 கி.மீ. செல்கிறது. லெப்டினன்ட் கோக்கர் 1872 ஆம் ஆண்டில் அமைத்தது. வாகனங்கள் இல்லாத, தளமிடப்பட்ட பாதையாயினும் ஏற்ற இறக்கம் உண்டு. வானம் தெளிந்த நாளில் பெரியகுளமும் தொலைவில் மதுரையும் தெரியும். கீழே மூடுபனியும் முதுகுக்குப் பின்னே கதிரவனும் இருக்கும் வேளையில், பார்ப்பவரின் நிழல் வானவில் வளையத்துடன் பனியின் மீது விழுவதை அரிதாகக் காணலாம்.

கரடிச்சோலை அருவிக்குச் செல்லும் காட்டுப்பாதை குறுகியது. மழைக்காலத்துக்குப் பின்னரே அருவியில் நீர் இருக்கும். பேரிஜம் ஏரி நகரின் தென்மேற்கே காட்டுக்குள் உள்ளது. பெரியகுளத்தின் குடிநீர் ஆதாரமாகிய இதற்குச் செல்ல வனத்துறையின் அனுமதி தேவை. வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் பழைய பாதை பயிற்சி உடையோருக்கு மட்டுமே உரியது. நெடுங்காலம் வண்டிச் சாலையே இல்லாதிருந்த வெள்ளகவி ஊரில் தங்கித்தான் 1821 ஆம் ஆண்டில் வார்டு கொடைக்கானலுக்கு ஏறினார். அவ்வூரில் செருப்பணிந்து நடப்பதில்லை என்பது வழக்கம். அவ்வழியே செல்வோர் இதனை மதித்து நடத்தல் வேண்டும்.

செல்லும் வழி

அருகிலுள்ள தொடர்வண்டி நிலையம் கொடைரோடு ஆகும். அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாக ஏறத்தாழ 80 கி.மீ. மலைச்சாலையில் செல்ல வேண்டும். வானூர்தி நிலையம் மதுரையில் உள்ளது. மதுரை, திண்டுக்கல், பழனி ஆகிய ஊர்களிலிருந்து பேருந்துகள் உள்ளன. பேருந்து நிலையத்திலிருந்து ஏரிக்குச் செல்லும் சாலை இறக்கமானது. ஏரியைச் சுற்றுவதில் இல்லாத ஏற்றம் திரும்பி வரும் இந்தச் சாலையில் உண்டு. முதியவர்களுடன் செல்வோர் அதற்குத் தனியே வண்டி பார்த்துக்கொள்வது நலம்.